நகராத குதிரை

சுடர்க்கொடி என்பது அவள் பெயர். வயது நாற்பத்தேழு. மன்னார்குடியில் நில அளவை அலுவலகத்து வரைவாளர். நிலத்தை வானிலிருந்தே கருவிகள் அளந்துவிடும் காலத்திலும், ஒவ்வொரு புலப்படத்தையும் ஒருமுறை கையால் வரைந்து பார்த்த பின்னரே அவள் கையொப்பமிடுவாள். அலுவலகத்தில் இதனைக் கேலி செய்யாதவர் இல்லை. காலையில் மூன்று பென்சில்களைச் சீவி வரிசையாக வைப்பாள். மாலையில் அவற்றுள் இரண்டேனும் மழுங்கியிருந்தால் அன்றைய நாளை நல்ல நாள் என்று கொள்வாள்.

சதுரங்கத்திலும் அவளுக்குச் சில வழக்கங்கள் உண்டு. போட்டியில் தோற்ற அன்று, ஆட்டத்தை ஆராய்ந்து சொல்லும் எந்த இயந்திரத்தையும் திறந்து பார்க்க மாட்டாள். வீடு திரும்பியதும் கூடத்து மேசைமீது மரப்பலகையை வைத்துக் காய்களை அடுக்கி, முதலில் எதிராளியின் நாற்காலியில் அமர்வாள். தன்னை வென்றவர் கண்ணுக்குத் தன் படை எவ்வாறு தெரிந்திருக்கும் என்பதை அங்கிருந்துதான் காண இயலும் என்பது அவள் கருத்து. பின்னர் ஒரு நீளக் குறிப்பேட்டை விரித்து, இடப்பக்கத்தில் தன் நகர்வுகளையும் அவற்றுக்குத் தான் கொண்ட காரணங்களையும் எழுதுவாள். வலப்பக்கம் எதிராளிக்கு உரியது. அவர் என்ன எண்ணியிருப்பார் என்பதைத் தானே ஊகித்து எழுதுவாள். சில வேளை அவர் சொல்லக்கூடிய பொய்யையும் எழுதி வைப்பாள். 'இதை நான் அப்பவே பாத்துட்டேன்' என்பது வலப்பக்கத்தில் அடிக்கடி காணப்படும் வாசகம்.

அந்த வலப்பக்கம் தோன்றி எட்டு ஆண்டுகள்தாம் ஆகின்றன. அதற்கு முன் அதற்குத் தேவை இருக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் இருவரும் எழுந்து போய்விடாமல், காய்களைப் பின்னோக்கி நகர்த்தி வைத்துக்கொண்டு, 'இங்கே ஏன் இப்படி ஆடினீர்கள்?' என்று ஒருவரையொருவர் வினவிக்கொள்வது சதுரங்கக்காரரின் பழைய வழக்கம். வென்றவர் தாம் அஞ்சிய இடங்களைச் சொல்வார். தோற்றவர் தாம் ஆட நினைத்து ஆடாமல் விட்டவற்றைச் சொல்வார். இருவரும் சிறிது பொய் சொல்வர். அது இருவருக்கும் தெரியும். அந்த அரைமணி நேரத்தில் தொடங்கிய நட்புகள் பல.

நெற்றிப் பட்டை வந்த பின்னர் அவ்வழக்கம் நின்றுபோயிற்று. இயந்திரத்தின் துணையை மறைவாகப் பெற்று ஆடுவோர் பெருகியமையால், விரலகலமுள்ள அப்பட்டையை அணியாமல் எவரும் போட்டியில் அமரலாகாது என்று சதுரங்கச் சம்மேளனம் விதித்தது. ஆடுபவர் மனத்தில் எழும் பலகையைப் பட்டை நொடிதோறும் பதிவுசெய்யும். எந்தக் காயை எங்கே வைத்துப் பார்த்தார், எவ்வளவு நேரம் பார்த்தார், எதனைத் தள்ளினார் என்பவை யாவும் அதில் இருக்கும். கள்ள ஆட்டம் ஒழிந்தது. அதனோடு, ஆட்டம் முடிந்தபின் ஒருவரையொருவர் கேட்பதற்கும் ஒன்றும் இல்லாமற்போயிற்று. பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கைகுலுக்கி, அவரவர் வழியே போயினர். சுடர்க்கொடி மட்டும் வலப்பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோருக்கான மாநிலப் போட்டி அவ்வாண்டு திருச்சியில் ஒரு திருமண மண்டபத்தில் நடைபெற்றது. முந்தைய நாள் மணமக்களின் பெயர்கள் வாயிலில் பூவெழுத்துகளாக இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. மணமேடைமீது நடுவர்கள் அமர்ந்திருந்தனர். கடைசிச் சுற்றில் யாருடன் யார் ஆடுவது என்னும் பட்டியலைச் சுவரில் ஒட்டியபோது, தன் பெயருக்கு நேரே இருந்த பெயரைச் சுடர்க்கொடி இருமுறை படித்தாள். நூருல் அமீன், கூத்தாநல்லூர்.

கூத்தாநல்லூர் மன்னார்குடிக்கு அரைமணி நேரப் பேருந்து வழி. ஆயினும் அப்பெயரை உடையவரை அவள் கண்டு இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அமீன் முன்னரே வந்து கறுப்புக் காய்களின் பக்கத்தில் அமர்ந்திருந்தார். தலை முழுவதும் நரைத்திருந்தது. காய்கள் ஒவ்வொன்றையும் கட்டத்தின் நடுவே சரியாக நிறுத்துவதற்காக விரல் நுனியால் தொட்டு நகர்த்தும் பழக்கம் மட்டும் மாறவில்லை. அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"நல்லா இருக்கீங்களா, சுடர்?"

"இருக்கேன். எப்ப வந்தீங்க?"

"ஆறு மாசம் ஆச்சு. ஒரேயடியா வந்துட்டேன்."

அதற்குள் மணி அடித்தது. இருவரும் பட்டையைக் கட்டிக்கொண்டனர்.

அந்த ஆட்டத்தில் வென்றால், இளமையில் கிட்டாமற்போன தேசிய மாஸ்டர் பட்டத்துக்கு அமீனுக்கு இருந்த குறை தீரும் என்பதை அவள் அறிந்திருந்தாள். எல்லோருடைய நிலையையும் காட்டும் பலகை நடுவர் மேசைக்கு அருகிலேயே இருந்தது. அதன்பொருட்டு அவள் தளர்த்தி ஆடவில்லை. முப்பது நகர்வுகள் வரை அவளுடைய வெள்ளைப் படையே ஓங்கியிருந்தது. அமீனின் குதிரை சி6 என்னும் கட்டத்தில் நின்று அவர் படையின் நடுப்பகுதியைக் காத்துக்கொண்டிருந்தது. முப்பத்தொன்றாம் நகர்வில் அவர் ஒன்பது நிமிடம் சிந்தித்து, அந்தக் குதிரையைப் பலகையின் ஓரத்துக்கு, ஏ5 கட்டத்துக்கு, எடுத்துச் சென்றார். மூன்று நகர்வுகளுக்குப் பின் சுடர்க்கொடி பதினான்கு நிமிடம் சிந்தித்து, நடுவில் நின்ற தன் யானையைப் பின்னுக்கு இழுத்தாள். அங்கிருந்து ஆட்டம் சரிந்தது. நாற்பத்தொன்பதாம் நகர்வில் அவள் கடிகாரத்தை நிறுத்திவிட்டுத் தோல்வியை ஏற்றுக் கையை நீட்டினாள்.

அமீன் கைகுலுக்கினார், ஆனால் எழவில்லை. தம் குதிரையைக் கையில் எடுத்தார். பலகைக்கு மேலே அதைப் பிடித்துக்கொண்டு, பழங்காலத்தில் செய்வது போல, அவள் முகத்தைப் பார்த்தார். அப்போது ஒரு தொண்டர் தட்டை நீட்டிப் பட்டைகளைக் கேட்டார். பரிசளிப்புக்கு நேரமாகிறதாம். அமீன் குதிரையைப் பலகைக்கு வெளியே வைத்துவிட்டுப் பட்டையைக் கழற்றினார். சுடர்க்கொடி ஆட்டத்தாளில் கையொப்பமிட்டு எழுந்துவிட்டாள். தஞ்சாவூர்ப் பேருந்தில் ஏறிய பின்புதான், அவர் அந்தக் குதிரையை எந்தக் கட்டத்தில் வைக்க இருந்தார் என்று கேட்டிருக்கலாமே எனத் தோன்றிற்று.

மூன்றாம் நாள் சம்மேளனத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் விசாரணை அலுவலர் சகாயராணி. முன்பு பள்ளிகளுக்கிடையே நடக்கும் போட்டிகளில் நடுவராக இருந்தவர். சுடர்க்கொடிக்கு முகம் தெரிந்தவர். நலம் விசாரித்த பின், தயங்கித் தயங்கிச் செய்திக்கு வந்தார். அவளுடைய முப்பத்து நான்காம் நகர்வைக் கருவி ஐயத்துக்குரியது என்று குறித்திருக்கிறது. வெற்றி தரும் நகர்வை அவள் நான்காம் நொடியிலேயே கண்டுவிட்டாள். யானையை இ7 கட்டத்தில் இறக்குவது அது. கண்டும் அதனை ஆடவில்லை.

"நடுவுல பதினாலு நிமிஷம் நீங்க இந்த ஆட்டத்தையே நெனைக்கலைன்னு பதிவு சொல்லுது, மேடம். புறம்புன்னு போட்டு மூடி வெச்சிருக்கு. அது உங்க தனிப்பகுதி. உங்க கையெழுத்து இல்லாம நாங்க திறக்க முடியாது. திறக்கவும் கூடாது."

"திறக்கலைன்னா?"

"வேணும்னே விட்டுக்கொடுத்ததாத்தான் குழு எடுத்துக்கும். உங்களுக்கு ஒரு வருஷம் தடை. ஆட்டம் ரத்து. அவருக்குப் பட்டம் இல்லை. ரெண்டு பேரும் பேசி வெச்சு ஆடுனாங்கன்னு நாலு பேரு பேசுவாங்க. பத்து நாள் டைம் இருக்கு. யோசிங்க."

சுடர்க்கொடி யோசிக்கவில்லை, பலகையின் முன் அமர்ந்தாள். முப்பத்து நான்காம் நகர்வின் நிலையை அடுக்கினாள். யானையை இ7-இல் வைத்துப் பார்த்தாள். அந்தக் கட்டத்தைக் காக்கும் கறுப்புக் காய் ஒன்றுகூட இல்லை. குதிரையோ பலகையின் ஓரத்தில், ஒன்றுக்கும் உதவாத தொலைவில் நின்றது. எதிராளியின் நாற்காலியில் அமர்ந்து பார்த்தாள். அங்கிருந்து பார்த்தாலும் தோல்வி அவருக்கே. ஆறு நகர்வுகளில் முடிந்திருக்க வேண்டிய ஆட்டம். சதுரங்கம் கற்று ஓராண்டு ஆனவர்கூட இதனைத் தவறவிட மாட்டார். பின் எதற்காக யானையை இழுத்தாள்? இடப்பக்கத்தில் அந்த நகர்வுக்கு நேரே காரணம் எழுத முயன்று, நான்கு நாட்கள் பென்சிலைக் கையில் வைத்திருந்தாள்.

அப்பதினான்கு நிமிடத்தில் தான் எதை நினைத்தோம் என்பது அவளுக்குத் தெளிவாக நினைவில்லை. ஆனால் எதிரே இருந்த நரைத்த தலையும், காயைத் தொட்டுச் சரிசெய்த விரலும், பழைய நூலக மாடியின் தூசு வாசனையும் நினைவில் இருந்தன. ஆகவே தனக்குத் தானே ஒரு முடிவுக்கு வந்தாள். நான் இவருக்காகத் தோற்றிருக்கிறேன். நாற்பத்தேழு வயதில், ஊரறியக் கட்டிய பட்டையோடு, இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதினான்கு நிமிடம் இருந்திருக்கிறேன். அதைத் திறந்தால் ஐந்து பேர் கொண்ட குழு பார்க்கும். விதிப்படி எதிராளிக்கும் ஒரு படி போகும். அவர் பார்ப்பார்.

தம்பியின் மனைவி பொற்செல்வி அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்தபடி இதனைக் கவனித்துக்கொண்டிருந்தாள். சுடர்க்கொடி மணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பத்தோடு இருந்தாள். தோசைத் தட்டைப் பலகைக்கு அருகே வைத்துவிட்டுப் பொற்செல்வி குறிப்பேட்டை எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, ஒரு ஆட்டத்துக்கு நாலு நாளா பஞ்சாயத்து? வலது பக்கம் வெறுசாவே கெடக்கு."

"அவரு என்ன நெனச்சாருன்னு தெரியலை."

"ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் நீங்களேதானே எழுதுவீங்க. இவரு மட்டும் என்ன, நேர்ல வந்து எழுதிக் குடுப்பாரா?"

சுடர்க்கொடி தோசையைப் பிட்டாள். பொற்செல்விக்கு அந்தப் பெயர் தெரியாது. வீட்டில் எவருக்கும் தெரியாது. தெரிவிக்கும் அளவுக்கு எதுவும் நடக்கவும் இல்லை.

நடந்தது இவ்வளவே. அக்காலத்தில் மன்னார்குடியில் நூலகக் கட்டடத்தின் மாடியில் ஞாயிறுதோறும் ஒரு சதுரங்கக் கழகம் கூடும். மாலை ஆறு மணிக்கு நூலகத்தைப் பூட்டிவிடுவார்கள். ஆகையால், உலகம் கைவிட்டு நெடுநாளாகிய ஒரு முறையைக் கழகச் செயலாளர் வைத்தியலிங்கம் விடாமல் வைத்திருந்தார். ஆறு மணிக்கு முடியாத ஆட்டத்தில், அடுத்து ஆட வேண்டியவர் தம் நகர்வைப் பலகையில் ஆடாமல் ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டிவிட வேண்டும். இருவரும் உறையின் மடிப்பின்மேல் கையொப்பமிடுவர். உறை செயலாளரின் அலமாரியில் இருக்கும். அடுத்த ஞாயிறு அதைப் பிரித்து ஆட்டம் தொடரும். இடையில் ஒரு வாரம் முழுவதும் மற்றவர், உறைக்குள் என்ன இருக்கும் என்று எண்ணிக்கொண்டிருப்பார்.

சுடர்க்கொடிக்கு இருபத்து மூன்றும் அமீனுக்கு இருபத்தைந்தும் ஆகும் வரை, இருவரும் இரண்டு ஆண்டுக் காலம் அங்கே ஆடினர். ஆட்டத்தைவிட ஆட்டம் முடிந்தபின் பேசிய பேச்சே மிகுதி. பூட்டுவதற்கு வந்தவர் சாவிக்கொத்தைக் குலுக்கும் வரை பேசுவர். சதுரங்கத்துக்குப் புறம்பாக ஒரு சொல் பேசியதாக அவளுக்கு நினைவில்லை. ஆனால் எல்லாம் பேசியாயிற்று என்றே இருவருக்கும் தோன்றிற்று. தன் வீட்டிலும் அவர் வீட்டிலும் இதற்கு என்ன பெயரிடுவார்கள் என்பதும் இருவருக்கும் தெரிந்தே இருந்தது.

கடைசி ஆட்டம் ஆறு மணிக்கு நின்றது. அவளுடைய யானை நடுவில் நின்றது. அமீனின் குதிரை சி6-இல் இருந்து இ7 கட்டத்தைக் காத்தது. ஆட வேண்டியவர் அமீன். அவர் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நகர்வை எழுதி உறையை ஒட்டினார். "ஞாயித்துக்கிழம பாப்போம்" என்றார். அந்த வாரம் முழுவதும் அவள் ஒன்றையே எண்ணினாள். குதிரை நகர்ந்தால் யானை இ7-இல் இறங்கும், வெற்றி தனக்கு. குதிரை நகராமல் அங்கேயே நின்றால் ஒருவரும் வெல்வதில்லை, ஆட்டம் சமனாகும். குதிரை நிற்குமா, போகுமா?

வியாழக்கிழமை அமீனின் மாமா அனுப்பிய விசா வந்து அவர் புரூணைக்குப் புறப்பட்டுவிட்டார் என்று ஞாயிறன்று தெரிந்தது. வராதவரின் உறையைப் பிரிப்பதில்லை என்பது செயலாளரின் விதி. வெற்றி அவளுக்கு என்று ஏட்டில் எழுதினார். அந்த வெற்றியை அவள் தன் வெற்றிகளோடு சேர்த்து ஒருநாளும் எண்ணியதில்லை. பல ஆண்டுகளுக்குப் பின், செயலாளர் காலமாகி நூலகம் இடம் மாறியபோது, அலமாரியைத் தேடிச் சென்றாள். அதனைப் பழைய மரச்சாமான்களோடு ஏலத்தில் கொண்டுபோய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஏழாம் நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு திருச்சிக்குச் சென்றாள். ஒப்புதல் கொடுப்பதற்கு முன் தன் தனிப்பகுதியைத் தான் மட்டும் பார்க்க ஆட்டக்காரருக்கு உரிமை உண்டு. அதைப் பார்த்துவிட்டு, தடையை ஏற்றுக்கொண்டு திரும்பிவிடுவது என்பதுதான் அவள் எண்ணமாக இருந்தது. ஆனால் தடை அவளுக்கு. பட்டம் போவது அவருக்கு. பேருந்தில் இவ்விரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். எந்தப் பக்கம் அமர்ந்து பார்த்தாலும் தோல்வியாகவே இருந்தது.

சம்மேளன அலுவலகம் ஒரு பழைய அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. சகாயராணி அவளுக்குத் தேநீர் வரவழைத்தார். மேசைமேல் கோப்புகள் குவிந்திருந்தன. இப்படி எத்தனை வரும் என்று சுடர்க்கொடி கேட்டாள்.

"வாரத்துக்கு நாப்பது. பெரியவங்க யாரும் திறக்க மாட்டாங்க. சின்னப் பசங்களுக்கு அப்பா அம்மாவே கையெழுத்துப் போட்டுத் திறந்துடறாங்க. ஆடுறப்ப முறுக்கை நெனச்சுதுன்னு ஒரு புள்ளைய கோச்சிங்ல அரை நாள் நிக்க வெச்சிருக்காங்க, மேடம். எட்டு வயசு. அது முறுக்கை நெனைக்காம வேற எதை நெனைக்கும்?"

"புறம்புன்னு எதை வெச்சு முடிவு பண்ணுது?"

"ரொம்ப எளிசு. எதிர்ல இருக்கிற பலகையும் உங்க மனசுல ஓடுறதும் ஒண்ணா இருந்தா, இல்ல அதுலேருந்து கிளைச்சு வந்தா, அது ஆட்டம். ரெண்டும் ஒட்டலைன்னா புறம்பு. முறுக்கா, சினிமாவா, வீட்டுச் சண்டையான்னு அதுக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கக் கூடாதுன்னுதான் மூடி வெச்சிடுது."

உள்ளறையில் ஒரு நாற்காலியும் ஒரு திரையும் இருந்தன. சகாயராணி கதவைச் சாத்திவிட்டுப் போனார். சுடர்க்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

திரையில் அமீனின் முகம் வரவில்லை. நூலக மாடி வரவில்லை. ஒரு பலகை வந்தது.

முதலில் அது திருச்சியில் ஆடிய பலகை என்றே எண்ணினாள். யானை இ7-இல் இறங்கிற்று. உடனே சி6-இல் ஒரு கறுப்புக் குதிரை தோன்றி அதனை வெட்டிற்று. யானை மீண்டும் நடுவுக்கு வந்தது. வேறு வழியாகச் சுற்றிச் சென்று இறங்கிற்று, குதிரை வெட்டிற்று. சிப்பாய் ஒன்று நகர்ந்து குதிரையை விரட்டப் பார்த்தது; குதிரை போகவில்லை. ராணி வந்து மிரட்டிற்று, குதிரை போகவில்லை. இப்படிப் பதினான்கு நிமிடம்.

பின்னர்தான் வலக்கோடியில் இருந்த தன் சிப்பாயைக் கவனித்தாள். அது இரண்டு கட்டம் முன்னே நின்றது. திருச்சி ஆட்டத்தில் அந்தச் சிப்பாயை அவள் தொடவே இல்லை. அது முன்னே நின்றது வேறோர் ஆட்டத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு.

அவள் அவருக்காகத் தோற்கவில்லை. வெல்வதற்காகவே பதினான்கு நிமிடமும் முயன்றிருக்கிறாள். பெயர்த்தெடுக்கப்பட்ட எல்லைக் கல்லைப் பழைய படத்தில் பார்த்து, அது இன்னும் அங்கேயே நிற்பதாக எண்ணி வயலை அளப்பவர் போல, இல்லாத குதிரையைக் கண்டு தன் யானையை இழுத்திருக்கிறாள். எதிரே இருந்தவர் குதிரையைத் தம் கையாலேயே எடுத்துப் போய் ஓரத்தில் வைத்ததைக் கண்ணால் பார்த்தாள். ஆட்டத்தாளிலும் தன் கையால் எழுதினாள். ஆயினும் அவளளவில் அது போகவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகளாக அது அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

அவள் நெடுநேரம் வெளியே வரவில்லை. சகாயராணி கதவைத் தட்டினார். பார்க்கலாம் என்று சுடர்க்கொடி சொன்ன பின், அவரும் நின்றபடியே இரண்டு நிமிடம் திரையைப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

"இவ்வளவுதானா? இதுக்கா பயந்தீங்க? குதிரை முப்பதாவது நகர்வு வரைக்கும் சி6-லதானே இருந்துச்சு. அங்கேயே இருக்கிற மாதிரி மனசுல தங்கிப்போச்சு. எல்லாருக்கும் வர்ற பிழை, மேடம். இந்தா, ஓரத்துச் சிப்பாய்கூட இடம் மாறியிருக்கு பாருங்க. கடைசி ரவுண்டு, களைச்சுப்போயிருப்பீங்க. குழு ரெண்டு நிமிஷத்துல கோப்பை மூடிடும். அவரு பட்டமும் நிலைக்கும்."

சுடர்க்கொடி தலையசைத்தாள். அலுவலர் சொன்னது முற்றிலும் சரி. ஐந்து பேர் பார்ப்பார்கள். ஐந்து பேருக்கும் அது களைப்பு. உலகத்தில் எவர் பார்த்தாலும் அது இடம் மாறிய ஒரு குதிரை, ஒரு சிப்பாய். ஒரே ஒருவருக்கு மட்டும் அந்த நிலை தெரியும். அந்தச் சிப்பாய் எந்த ஞாயிறு அங்கே நின்றது என்பதும் தெரியும். அவருக்கு ஒரு படி போகும். உலகறியத் திறந்து வைத்தாலும் அவர் ஒருவரே படிக்கக்கூடிய கடிதமாக அது இருந்தது.

"படி எப்ப போகும்?"

"நீங்க கையெழுத்துப் போட்ட அன்னிக்கே போயிடும்."

சகாயராணி படிவத்தைக் கொணர்ந்து வைத்தார். அதில் இரண்டு கட்டங்கள் இருந்தன. முதற்கட்டம் தன் பதிவைத் திறக்க ஒப்புதல். சுடர்க்கொடி அதில் கையொப்பமிட்டாள். இரண்டாம் கட்டத்தைச் சகாயராணி விரலால் சுட்டினார்.

"தன்னோடதத் திறக்கிறவங்க எதிராளியோடதையும் பாக்கலாம். அது விதி. அவரு முந்தாநாளே சம்மதம் குடுத்துட்டாரு. அவருக்கும் ஒரு தனிப்பகுதி இருக்கு. முப்பத்தொண்ணாவது நகர்வு, குதிரையை ஏ5-க்கு எடுக்கிறதுக்கு முன்னாடி. ஒம்பது நிமிஷம். அதுவும் புறம்புன்னுதான் பதிவாயிருக்கு."

சுடர்க்கொடி பேனாவைக் கீழே வைத்தாள்.

ஒன்பது நிமிடம். அவரும் எதிரே இருந்த பலகையை எண்ணவில்லை. சி6-இல் நின்ற குதிரையை நகர்த்துவதா, விடுவதா என்று கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் இருந்த காட்சி அவள் கண்முன் வந்தது. அவர் மனத்தில் அந்த உறை இருந்திருக்கக்கூடும். உறைக்குள் எழுதியது இருந்திருக்கக்கூடும். உள்ளறையில் நாற்காலி இன்னும் சூடாக இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பொத்தானை அழுத்தினால், இருபத்து நான்கு ஆண்டுகளாகத் தெரியாத ஒன்று ஒன்பது நிமிடத்தில் தெரிந்துவிடும். பொய்யும் கலந்திராது.

"பாருங்க, மேடம். ஆறு மணி வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

அந்த அறையில் இருப்பது உண்மையாகவே இருக்கும் என்பதில் சுடர்க்கொடிக்கு ஐயமில்லை. ஆனால் அது அவளிடம் சொல்லப்பட்டதாக இராது. பலகைக்கு மேலே குதிரையைப் பிடித்துக்கொண்டு தன் முகத்தைப் பார்த்த மனிதரை நினைத்தாள். அவர் அதை எங்கே வைக்க இருந்தார் என்பதை எந்தப் பட்டையும் பதிவுசெய்திருக்காது. அப்போது ஆட்டம் முடிந்து கடிகாரம் நின்றுவிட்டது. அவர் ஏதோ சொல்ல இருந்தார். ஒருவேளை ஒரு பொய்யாகவே இருந்திருக்கலாம். 'இதை நான் அப்பவே பாத்துட்டேன்' என்று சிரித்திருக்கலாம். அதைக் கேட்க வேண்டும் போலிருந்தது. வீட்டில் மேசைமேல் அந்த ஆட்டத்தின் வலப்பக்கம் எழுதப்படாமல் கிடந்தது.

பேனாவை எடுத்து இரண்டாம் கட்டத்தில் 'வேண்டாம்' என்று எழுதி, தேதியிட்டாள்.

சகாயராணி படிவத்தைத் திருப்பிப் படித்துவிட்டு அவளை வியப்போடு பார்த்தார். "ஏன், மேடம்? அவருதான் பாக்கலாம்னு சொல்லிட்டாரே?"

சுடர்க்கொடி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஞாயித்துக்கிழம கூத்தாநல்லூர் போறேன். பலகையை எடுத்துட்டுப் போறேன். அவர்கிட்டயே கேட்டுக்கிறேன்."